நேட்டிவ் கட்டம்

சட்டம் எங்கே விழுகிறதோ அங்கே உட்கார்ந்து அக்கா எண்ணுவார். பாறையில் விழுந்தால் பாறை, சாணியில் விழுந்தால் சாணி. ஒருமுறை நான் துவைத்துக் காயப்போட்டிருந்த லுங்கியின் மேல் விழுந்தது. எடுக்கப் போனேன். "தொடாத. விழுந்த எடம் விழுந்த எடம்தான்" என்றார். லுங்கி அறுபது, புல் பதினைந்து, வெறும் கல் இருபத்தைந்து என்று தாளில் நிஜமாகவே எழுதினார். அந்தத் தாள் இன்னமும் புனேயில் ஏதாவது ஒரு பீரோவில் கிடக்கும்.

சட்டம் என்று நான் சொல்வது இரும்புக் கம்பியை வளைத்துச் செய்த ஒரு சதுரம். பக்கத்துக்கு ஒரு மீட்டர். புனேயில் கட்கி பஜாரில் ஜன்னல் கிரில் செய்கிற ஒருவரிடம் சொல்லிப் பற்றவைத்து வாங்கியது. சரிவுக்கு முதுகைக் காட்டி நின்று, கண்ணை மூடி, தோளுக்கு மேலாகப் பின்பக்கம் எறிவார். அது விழுந்த இடத்துக்குப் போய், சதுரத்துக்குள் என்னென்ன செடி, ஒவ்வொன்றும் எவ்வளவு தரையை மூடியிருக்கிறது என்று பார்த்து எழுதுவார். பிறகு கொஞ்சம் நடந்து மறுபடி எறிவார். ஒரு எண்ணிக்கைக்கு இருபது முறை. பார்த்து எறிந்தால் கண் பச்சையைத்தான் தேடும், அதனால்தான் மூடிக்கொள்வது என்று முதல் நாளே எனக்குச் சொல்லிவிட்டார்.

நாங்கள் இருந்தது புனே ஓரத்தில் லோஹேகாவைத் தாண்டி ஒரு கருங்கல் குவாரி. கல் எடுத்து முடித்து மூடிவிட்டார்கள். மூன்று பக்கமும் செங்குத்தாக அறுத்த பாறை. நாலாவது பக்கம்தான் வழி. நடுவில் இருந்த பள்ளத்தில் கிரஷர் தூளையும் முரூமையும் கொட்டிச் சரிவாக்கி இருந்தார்கள். முரூம் என்றால் சிவப்பான பொடிக்கல், நம்முடைய கிராவல் மண் போல. அதில் செடி வைத்திருந்தார்கள். விமானப்படையின் விமானம் தலைக்கு மேல் போனால், அது போய் வெகுநேரம் ஆன பிறகும் சத்தம் மட்டும் பாறைக்குப் பாறை மோதிக்கொண்டு உள்ளேயே சுற்றும். மத்தியானத்தில் சூடும் அப்படித்தான். உள்ளே வந்தது எதுவும் லேசில் வெளியே போகாத இடம் அது.

குவாரிக்காரர் அந்த நிலத்தைக் கைகழுவ வேண்டுமானால் ஒரு நிபந்தனை இருந்தது. அந்தச் சரிவில் பாதிக்கு மேல், அந்த மண்ணுக்கே உரிய செடியும் புல்லும் மூடியிருக்க வேண்டும். மூடியிருக்கிறதா என்று வருஷா வருஷம் மழை முடிந்ததும் எண்ணிச் சொல்ல புனேயில் ஒரு ஆபீஸ் அமர்த்தியிருந்தார்கள். அந்த ஆபீஸின் ஆள் இந்த அக்கா. மற்ற மாதங்களிலும் செடிகளைப் பார்த்துக் குறித்துக்கொள்ள வந்துகொண்டிருப்பார். நான் டேங்கரில் வரும் தண்ணீரைச் செடிகளுக்கு ஊற்றுகிறவன், காவலும் நான்தான். குவாரி வாசலில் ஒரு தகரக் கொட்டகையில் இருந்தேன்.

நான் ஏழாம் வகுப்பு வரை படித்தவன். சாத்தூர்ப் பக்கம். தீப்பெட்டிக்குக் குச்சி அடுக்கினேன், ஹுப்ளியில் ஹோட்டலில் மாவு ஆட்டினேன், சோலாப்பூரில் தறியில் இருந்தேன், லாரியில் கிளீனராகப் போனேன். எங்கேயும் இரண்டு தீபாவளி பார்த்ததில்லை. அந்தக் குவாரியில் மூன்று பார்த்தேன். அதற்கு அக்கா ஒரு காரணம் என்று இப்போது சொல்லலாம். அப்போது கேட்டிருந்தால், டேங்கர்க்காரன் பீடி கொடுப்பான், அதனால் இருக்கிறேன் என்று சொல்லியிருப்பேன்.

அவரும் தமிழ். கட்கியில் மூன்று தலைமுறையாக இருக்கிற குடும்பம். தாத்தா, அப்பா, அண்ணன் மூன்று பேருக்கும் அங்கே தொழிற்சாலை வேலை. கட்கித் தமிழர்கள் ஒருவரையொருவர் முதலில் பார்த்தால் பெயரைக் கேட்பதற்கு முன்னால் ஒன்று கேட்பார்கள். அவரும் என்னை முதல் நாள் அதைத்தான் கேட்டார்.

"நேட்டிவ் எது?"

சாத்தூர் என்றேன்.

"எங்களுக்கு ஆரணிப் பக்கம்பாங்கோ. நான் பாத்ததில்ல. எங்க அப்பாவே ரெண்டு தபாதான் போயிருக்காரு."

அவருக்கு அப்போது முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது இருக்கும். மெலிந்த ஆள். புடவைக்கு மேல் ஆண்கள் போடுகிற முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, காலில் கேன்வாஸ் ஷூ. பக்கத்துக் குவாரிகளில் கல் உடைக்கிற மராத்திப் பெண்கள் அவரைத் தாயி என்று கூப்பிடுவார்கள். மராத்தியில் அதற்கு அக்கா என்று அர்த்தம். "கல்யாணமே ஆவல, இத்தினி பேருக்குத் தாயி ஆயிட்டேன்" என்பார் என்னிடம். இதை ஒரு வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்வார். ஒவ்வொரு முறையும் அவரே சிரிப்பார்.

கல்யாணம் ஆகாததற்கும் ஒரு கதை வைத்திருந்தார். பெண் பார்க்க வந்திருக்கிறார்கள். அண்ணி, பெண் காட்டிலாகாவில் ஆபீசர் என்று சொல்லி வைத்திருக்கிறார். மாப்பிள்ளையின் அம்மா, காட்டில் புலியெல்லாம் வருமா என்று கேட்டிருக்கிறார். இவர் காபித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "புலி இல்லீங்க, நான் குவாரியில புல்லு எண்றேன்" என்று சொல்லிவிட்டார். அண்ணி அதற்குப் பிறகு நான்கு நாள் பேசவில்லையாம். "கேட்டாங்கோ, சொன்னேன். அதுல கோவப்பட இன்னா இருக்குது?" என்று என்னிடம் கேட்டார். உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார்.

எண்ணுவதற்கு அவரிடம் ஒரு அளவு இருந்தது. உள்ளங்கை. விரல்களைச் சேர்த்துத் தரையில் வைத்தால் அது சட்டத்தில் நூற்றில் ஒரு பங்கு. ஆபீஸில் மற்றவர்கள் கண்ணால் பார்த்து முப்பது, நாற்பது என்று போட்டுவிடுவார்களாம். இவர் மண்டி போட்டு, ஒவ்வொரு செடியின் மேலும் கையை வைத்து வைத்து நகர்த்துவார். ஆவாரை ஆறு கை. தும்பை இரண்டு கை. ஊசிப்புல் ஒன்பது கை. முள் குத்தினாலும் கையை வைப்பார், எறும்புப் புற்று இருந்தாலும் வைப்பார்.

கை அதிகம் பட்டது காங்கிரஸ் புல்லில். புல் என்று பெயரே தவிர அது வெள்ளைப் பூ பூக்கிற ஒரு விஷப் பூண்டு. வெளிதேசத்துச் சரக்கு. நாட்டிலேயே முதலில் புனேயில்தான் முளைத்தது என்று டீக்கடையில் எல்லோரும் சொல்வார்கள், என்னவோ அதில் ஒரு பெருமை மாதிரி. அது பட்டால் சிலருக்குத் தோல் வெடிக்கும். அக்காவுக்கு வெடித்தது. வருஷா வருஷம் மழைக்குப் பின் இரண்டு உள்ளங்கையும் தடித்து, பிளந்து, நீர் வடியும். பஸ்ஸில் கம்பியைப் பிடித்தால் பக்கத்தில் இருக்கிறவர்கள் நகர்ந்துகொள்வார்கள். "நல்லதுதான், எடம் கெடைக்குது" என்பார். கையுறை போட்டுக்கொள்ளச் சொன்னேன். போட்டுப் பார்த்தாராம், கை பெரிதாகி அளவு தப்பாக வருகிறதாம்.

அந்தச் சரிவு பார்க்கப் பச்சையாகத்தான் இருந்தது. அதுதான் தொல்லை. நான் தண்ணீர் ஊற்றி வளர்த்தது பாதிக்கு மேல் சுபாபுல். சாஸ்வடில் ஒரு நர்சரியிலிருந்து லாரியில் வந்த கன்றுகள். அது வேகமாக வளரும், ஆனால் அயல்நாட்டு மரம், கணக்கில் வராது. அதன் நிழலில் இந்த மண்ணின் புல் வரவும் வராது. ஆபீஸ் சார் ஜீப்பில் வந்து இடுப்பில் கை வைத்துப் பார்ப்பார். நல்ல மனிதர்தான். எல்லாம் பச்சையாக இருக்கிறதே என்பார். பச்சை இருக்கிறது, பாதி இல்லை என்பார் அக்கா. ஒருமுறை சார், ஆவாரை பூத்திருந்த பக்கம் கையைக் காட்டி, அந்தப் பக்கமாகக் கொஞ்சம் எறியுங்களேன் என்று இந்தியில் சொன்னார். அக்கா திரும்பி நின்று கண்ணை மூடி எறிந்தார். கிரஷர் தூள் மேட்டில் போய் விழுந்தது. போய் உட்கார்ந்தார். பூஜ்யம் என்று எழுதினார். இன்னொரு முறை எறியலாமே என்றார் சார். எறியத்தான் போகிறேன், இதையும் சேர்த்து இருபது என்றார் அக்கா.

இதில் அவருக்கு என்ன போகிறது என்று எனக்குத் தெரிய ஒரு வருஷம் ஆயிற்று.

கட்கியில் அண்ணனுடைய குவார்ட்டர்ஸ் இரண்டு அறை. அண்ணன், அண்ணி, மூன்று பிள்ளைகள். அக்காவுக்குச் சமையலறை. அதற்குக் கதவு கிடையாது, ஒரு திரைதான். எல்லோரும் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, டிவி பார்த்து முடித்து, தண்ணீர் குடிக்க வருகிறவர்கள் வந்து போன பிறகுதான் பாய் போட முடியும். பதினாலு வருஷம். அவர் இதைக் குறையாகச் சொல்லவில்லை. தண்ணீர் டிரம்முக்கும் அடுப்பு மேடைக்கும் நடுவில் எத்தனை கை இடம் என்று எண்ணிச் சொன்னார். அப்புறம் சொன்னார்:

"எனக்குப் பெருசா ஒண்ணும் வேணாம்பா. உள்பக்கம் தாழ்ப்பா இருக்கற ஒரு கதவு. அவ்ளோதான்."

புனேயில் வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஹாஸ்டல் இருந்தது. தனி அறை கிடைக்கும். ஆனால் நிரந்தர வேலை என்று ஆபீஸ் கடிதம் தர வேண்டும். அக்கா தற்காலிகம். மூன்று மாத வேலை என்று எடுத்து ஆறு வருஷம் ஓடியிருந்தது. சார் ஒரு வழி சொல்லியிருந்தார். இந்தக் குவாரி வேலை முடியட்டும், உங்களை ஆபீஸில் மேசை போட்டு நிரந்தரமாக்கி விடுகிறேன். முடியும்வரை இந்த இடம் தெரிந்த ஆள் இதிலேயே இருக்க வேண்டும். முடிவது எப்போது? பாதிக்கு மேல் வந்தால். பாதி வந்ததா என்று சொல்ல வேண்டியது யார்? அக்கா.

இப்படி ஒரு முடிச்சை நான் எங்கேயும் பார்த்ததில்லை. பூட்டும் அவர் கையில், சாவியும் அவர் கையில். ஒவ்வொரு அக்டோபரிலும் இருபது முறை கண்ணை மூடி எறிந்து, தன் கையாலேயே பூட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போவார். நானாக இருந்தால் முதல் வருஷமே எழுபது என்று எழுதிக் கொடுத்திருப்பேன். சொல்லவும் செய்தேன். கேட்டுவிட்டு, டப்பாவைத் திறந்து சப்பாத்தியில் பாதியை எனக்குக் கொடுத்தார்.

இன்னொன்றும் சொல்லிப் பார்த்தேன். நாமும் வெளியூரிலிருந்து வந்து முளைத்தவர்கள்தானே அக்கா, சுபாபுல் மட்டும் என்ன பாவம் செய்தது, சேர்த்துக்கொள்ளுங்களேன் என்றேன். பெரிய விஷயம் பேசிவிட்டதாக எனக்கு நினைப்பு. "செடிக்கு ரேஷன் கார்டு கெடையாது. மனுசனையும் செடியையும் போட்டுக் கொழப்பாத. தண்ணிய ஊத்து, போ" என்றார்.

மூன்றாவது அக்டோபரில் அவருடைய கை மிகவும் மோசமாக இருந்தது. பேனா பிடிக்க முடியவில்லை. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். தாளில் மூன்று கட்டம் இருக்கும். செடியின் பெயர், எத்தனை கை, அப்புறம் குறுகலாக ஒன்று. அதன் தலைப்பில் இங்கிலீஷில் நேட்டிவ் என்று அச்சடித்திருக்கும். அந்த மண்ணின் செடியா, வெளியிலிருந்து வந்ததா என்பதைக் குறிக்கிற கட்டம் அது. அந்தக் கட்டத்தை அக்கா குவாரியில் நிரப்பியதே இல்லை. வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தைப் பார்த்துப் போடுவார். நான் பார்த்த வரையில் அது எப்போதும் காலியாகவே இருந்தது.

இருபதாவது சதுரம் முடிந்ததும் அவருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. நேராக டாக்டரிடம் போகிறேன், தாள்களை நாளைக்கு ஆபீஸ் ஜீப்பில் கொடுத்து அனுப்பு என்று சொல்லிவிட்டுப் போனார். சாயங்காலம் நான் தாள்களை அடுக்கி வைத்தேன். ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தால் அரைகுறை வேலை மாதிரித் தெரிந்தது. நேட்டிவ் என்ற எழுத்தைக் கூட்டிப் படிக்க எனக்குத் தெரியும். அதற்கு அர்த்தமும் தெரியும் என்றுதான் நினைத்தேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எழுத்துகளில் ஒவ்வொன்றுக்கும் அதனதன் சொந்த ஊரைப் பொறுப்பாக எழுதினேன். காங்கிரஸ் புல்லுக்குப் புனே. சுபாபுல்லுக்கு சாஸ்வட். ஆவாரை, தும்பை, ஊசிப்புல் மூன்றும் எங்கள் ஊரில் ஏராளம், ஆகவே சாத்தூர். அடித்தல் திருத்தல் இல்லாமல் இருபது தாள். ஜீப்பில் கொடுத்தேன்.

ஆபீஸில் அப்போது ஒரு புதுப் பெண் கணினியில் ஏற்றுவதற்குச் சேர்ந்திருந்தது. புனே என்று பார்த்திருக்கிறது, சரி, இந்த ஊர்ச் செடி. சாஸ்வட் பக்கத்து ஊர். நான் எழுதிய சாத்தூரை அது சாத்தாரா என்று படித்திருக்கிறது. சாத்தாரா அடுத்த ஜில்லா. எல்லாமே உள்ளூர். முந்தின வருஷம் முப்பத்தொன்று என்று இருந்த கணக்கு அந்த வருஷம் ஐம்பத்தெட்டு ஆகிவிட்டது.

இரண்டு வாரம் கழித்து அக்கா கையில் கட்டோடு ஆபீஸுக்குப் போனபோது சார் எழுந்து நின்று கை குலுக்க வந்தாராம். அறிக்கை தயாராக இருந்தது. அக்கா கட்டுப் போட்ட கையாலேயே கையெழுத்துப் போட்டார். சொன்னபடி மேசை, சொன்னபடி கடிதம். நவம்பர் கடைசியில் ஹாஸ்டலுக்குப் போய்விட்டார். டேங்கர்க்காரன் வழியாக எனக்கு அரைக் கிலோ பேடா அனுப்பினார். குவாரிக்காரருக்கு, நிலத்தைக் கைகழுவலாம் என்று மேலிடத்து ஓலை மார்ச்சுக்குள் வந்துவிடும், அதோடு என் வேலையும் முடியும் என்று சொன்னார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. அடுத்து சூரத் போகலாம் என்று இருந்தேன்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை அக்கா வந்தார். அதற்கடுத்த திங்கட்கிழமை நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அவர் ஆபீஸில் ஒரு காகிதத்தைக் கொடுத்தார். சார் அதை இரண்டு முறை படித்தாராம். திட்டவில்லையாம். அறிக்கையைத் திரும்ப வாங்கினார்கள். குவாரிக்கு இன்னும் மூன்று வருஷம் என்று ஆயிற்று. தண்ணீர் ஊற்றுகிறவன் ஆபீஸ் தாளில் எப்படி எழுதலாம் என்று என்னை நிறுத்தினார்கள். அக்காவை மறுபடியும் தற்காலிகத்தில் போட்டு, ஹாஸ்டலுக்கு எழுதிய கடிதத்தை ரத்து செய்தார்கள். புதன்கிழமை நான் பையை எடுத்துக்கொண்டு குவாரியை விட்டு இறங்கும்போது அவர் பஸ்ஸிலிருந்து இறங்கி ஏறி வந்துகொண்டிருந்தார். கேன்வாஸ் ஷூ, முழுக்கைச் சட்டை. எந்த ஊருக்கு என்று கேட்டார். சூரத் என்றேன். "அங்க தண்ணி உப்பு. பாத்துக்கோ" என்றார். அவ்வளவுதான். பிறகு அவரைப் பார்க்கவில்லை. பாதி வந்ததா என்றும் தெரியாது.

இப்போது அந்தச் சனிக்கிழமை.

ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டுப் பத்து மணி பஸ்ஸில் வந்தார். நல்ல பருத்திப் புடவை, செருப்பு, தோளில் கைப்பை. கை ஆறி, புதுத் தோல் வந்து இளம் சிவப்பாக இருந்தது. ஆளே கொஞ்சம் சதை போட்டிருந்தார். கொட்டகை வாசலில் என் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டேன், உட்கார்ந்தார். கைப்பையிலிருந்து இருபது தாளையும் எடுத்தார்.

"இது இன்னா?"

"ஊரு, அக்கா."

"எந்த ஊரு?"

"அதோட ஊரு. காங்கிரஸ் புல்லுக்குப் புனேதான, எல்லாரும் சொல்லுதாங்களே."

"சாத்தூர்?"

"ஆவாரைக்கு. எங்க ஊர்ல கொள்ளையாக் கெடக்கும்."

அவர் என்னையே பார்த்தார். ஏதோ தப்பு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. "நீங்கதானக்கா மொத நாளே என்னைய நேட்டிவ் எதுன்னு கேட்டீங்க. நான் சாத்தூர்னு சொன்னேன். அதே எழுத்துதான போட்டிருக்கு" என்றேன்.

சிரிக்க ஆரம்பித்தார். சாத்தாரா கதையை அப்போதுதான் சொன்னார், சொல்ல முடியாமல் சிரித்து சிரித்து. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் சிரித்தேன். சிரிப்பு பாறையில் மோதித் திரும்பி வந்தது.

கைப்பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்தார். அந்தச் சொல்லுக்குச் சொந்த ஊர் என்று அர்த்தம் என நினைத்து நான்தான் எழுதினேன் என்று நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போடு, தமிழிலேயே போதும் என்றார். எழுதியவன் சொல்லாமல் இதைத் திருத்த முடியாதாம். உன்னை வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன் என்றார்.

என் வேலையைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை. எப்படியும் மார்ச்சில் போகிறவன். ஆனால் நான் பேனாவை வாங்கவில்லை. ரூம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். பத்துக்கு எட்டு, ஒரு ஜன்னல், ஜன்னலில் ஒரு வேப்பங்கிளை என்றார். தாழ்ப்பாள் இருக்கிறதா என்றேன். மேலே ஒன்று கீழே ஒன்று, இரண்டு இருக்கிறது என்றார்.

"அப்பப் பேசாம இருங்கக்கா. யாருக்குத் தெரியும்? உங்களுக்கே இப்பத்தான் தெரியுது."

"இப்பத் தெரியல. அம்பத்தெட்டுன்னு சார் சொன்னாரு பாரு, அப்பவே தெரியும். நான் கைய வச்சு எண்ணுனவ. எப்படி அம்பத்தெட்டு வரும்?" தாள்களை மடியில் தட்டி அடுக்கினார். "அந்த ஃபைலு என் மேசைக்குப் பின்னாடி ரேக்குலதான் இருந்துச்சு. ரெண்டு மாசம் நான் திரும்பியே பாக்கல."

அவர் அதைச் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. யாரோ கொலை செய்ததை ஒப்புக்கொள்வது மாதிரி இருந்தது. புல்லுக்குப் போய் இவ்வளவா என்று எனக்குக் கோபம் வந்தது. கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். நீங்கள் அந்த அறையிலேயே இருங்கள், நான் இன்றைக்கே சூரத் போய்விடுகிறேன், என்னைத் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்க யாரால் முடியும் என்றேன். நிஜமாகவே கொட்டகைக்குள் போய்ப் பையை எடுத்து லுங்கியைத் திணிக்க ஆரம்பித்தேன்.

அவர் எழுந்து வந்து வாசலில் நின்றார். சத்தம் போடவில்லை.

"உனக்கு ஒரு எடம் புடிக்கலன்னா பையத் தூக்கிக்கினு போயிடுவ. அங்க எது எப்படி இருந்தா உனக்கு இன்னா? எனக்குப் போவத் தெரியாது. இருக்கற எடத்துலயேதான் இருப்பேன். அங்க இன்னா இருக்குது, எவ்ளோ இருக்குதுன்னு அதையாவது நான் பொய் சொல்லாம வச்சிக்கணும். அதுவும் இல்லன்னா அப்புறம் இன்னாத்த வச்சிக்கினு நான் இருக்கறது?"

இத்தனை ஊர் சுற்றியவனுக்கு அப்படி ஒரு கணக்கு தேவைப்பட்டதில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு வந்து, பெட்டியின் மேல் தாளை வைத்து, அவர் சொன்னபடி நாலு வரி எழுதினேன். கையெழுத்து என்று என் பெயரை முழுதாக எழுதினேன். அவர் வாங்கி ஒருமுறை படித்தார். மை காய ஊதினார். மடித்துக் கைப்பையில் வைத்து ஜிப்பை இழுத்தார்.

அப்போது மணி பதினொன்றே கால். பதினொன்றரைக்கு ஊருக்குள் போகிற பஸ் உண்டு. அதை விட்டால் இரண்டரைக்குத்தான். சனிக்கிழமைகளில் ஆபீஸ் இரண்டு மணி வரை. எனக்கு அது நன்றாகத் தெரியும், அவருக்காக நானே ஒரு சனிக்கிழமை ஒரு மணிக்குப் போய்த் தாள் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அதைக் கொடுத்து அனுப்பியவர் அவர்தான்.

"கெளம்பலையாக்கா? பஸ் வந்துரும்."

"இன்னிக்கு சனிக்கெழமையாச்சே. ஆபீஸ் பந்த் ஆயிருக்கும்" என்றார். "திங்கக்கெழம குடுத்துக்கலாம்."

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சனி, ஞாயிறு என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டேன். அந்தத் தாழ்ப்பாளுக்குள் இன்னும் இரண்டு ராத்திரி.

பெட்டியின் மேல் உட்கார்ந்தார். கைப்பையை மடியில் வைத்து, அதன் மேல் இரண்டு உள்ளங்கையையும் விரித்து வைத்துக்கொண்டார். நாக்கா முச்சந்தியில் பஸ் திரும்பும்போது ஹாரன் அடித்தான். கீழே ஸ்டாப்பில் வந்து நின்றது எங்களுக்குத் தெரிந்தது. யாரோ ஒரு கிழவி மூட்டையோடு ஏறினாள். கண்டக்டர் மேட்டைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றான், அவனுக்கு அக்காவைத் தெரியும். பிறகு மணியை அடித்தான்.

பஸ் போய்ச் சத்தம் அடங்கிய பிறகு, குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டார்.